திண்டுக்கல் சமவெளிக்கு வந்த படை

சின்னாளப்பட்டி என்றதும் எல்லோருக்கும் சுங்குடிச் சேலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிவிட்டால் சுற்றிலும் விவசாய பூமிதான். இந்த திண்டுக்கல் சமவெளியின் வரலாற்றில் பாளையக்காரர்களுக்கு இருப்பது போல அந்துப்பூச்சிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்!

திண்டுக்கல்லுக்குப் பூட்டு மட்டுமா புகழ்? ஒரு காலத்தில் சுருட்டும்தான். அந்தச் சுருட்டுக்கான புகையிலைக்கு எதிரி, புரோடீனியா என்று விவசாயிகள் சொல்லும் வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் இலையைத் தின்னும். இதற்கு 1775லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார் ஃபேப்ரீஷியஸ். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது 1948ல். இந்தப் புழுவை ஏமாற்ற ஒரு எளிய வழி உண்டு. வரப்போரம் ஆமணக்கு விதைத்தால் தாய்ப்பூச்சி அதைத் தேடிப் போய் முட்டையிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். பழகிய எதிரி என்பதால் அதன் குணம் தெரிந்திருந்தது.

2018ல் வந்ததோ பழகாத எதிரி, அதே புழுவின் அமெரிக்கப் பங்காளி. பெயர் படைப்புழு. 1797ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பகுதிப் பூச்சிகளைப் பற்றிய நூலில் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் இதை விவரித்திருந்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டவில்லை. 2016ல் மேற்கு ஆப்பிரிக்கா, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா, சில மாதங்களிலேயே தமிழ்நாடு! மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தான். பயிர் முன்னால் வந்தது, புழு சில நூற்றாண்டு தாமதமாகப் பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மானாவாரி மக்காச்சோளம் போட்டவர்கள் குருத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே மரத்தூள் போல எச்சம். தலையில் தலைகீழ் 'ஒய்' குறியோடு ஒரு புழு. குருத்துக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளித்த மருந்து அதைச் சரியாகத் தொடவில்லை. திண்டுக்கல் மட்டுமல்ல, பெரம்பலூர், அரியலூர் என்று பல மாவட்டங்களில் இதே கதை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகவேண்டிய கதிர் பல வயல்களில் தேறவில்லை. அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

வட அமெரிக்காவில் கடும் குளிர் இந்தப் புழுவைக் கொன்றுவிடும். புளோரிடா, டெக்சாஸ் தெற்கே மட்டும் பிழைத்து, ஒவ்வொரு ஆண்டும் வடக்கே பறந்து போகும். திண்டுக்கல்லில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை பூச்சியாகிவிடும். ஆண்டு முழுக்கச் சாப்பாடும் உண்டு.

அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை விதைப்புக்கு முன்பே தொடங்குகிறது. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் என்பதால் ஆழ உழவு. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. ஆமணக்கு இருந்த அதே வரப்புதான், காவலாள்தான் மாறியிருக்கிறது.