மணி அடித்தால் யார் போவது?

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் தலைமுறைகளாகப் ‘பாடு’ முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். அக்கரையோர ஊர்களிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில் இன்று ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் 100 மீட்டர் வரை பிசகும். அமெரிக்கா வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கியதும் துல்லியம் கூடியது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களின் கைக்கடிகாரத்திலும் அது பிறகு இடம்பிடித்தது. வழி தவறினால் இருக்குமிடம் காட்டும். கதவைத் திறந்தால் ஒலிக்கும் சென்சாரும் உண்டு.

இரவு 2 மணிக்கு அது ஒலித்தால் எழுந்து ஓடுவது யார்? பல வீடுகளில் 70 வயதைத் தாண்டிய துணைவர் மட்டுமே. ஒருவரே படும் பாட்டை, நம் பிளாக்கில் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வோமே!