திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நாகசுர மரபு: ஒரு மறு ஆய்வு

1. ஆய்வின் தேவை

வெள்ளாற்றங்கரையில் அமைந்த சேத்தியாத்தோப்பிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மங்கல நிகழ்ச்சிகளுக்கு நாகசுரம் இன்றியமையாதது. ஒருபால் தில்லையும் அண்ணாமலை நகரும், மறுபால் பூவராகர் எழுந்தருளியுள்ள திருமுட்டமும் அமைந்த இந்நிலப்பகுதி, கோயில் விழாவும் வீதியுலாவும் வழிவழி நிகழ்ந்துவரும் பகுதியாகும். மாசிமகத்தன்று பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நெடும்பயணம் ஒன்றே இதற்குச் சான்றாகும். எனினும், இவ்வூர்களில் இன்று நாம் கேட்கும் நாகசுரம் நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கேட்ட நாகசுரம் அன்று. அவர்கள் கேட்டது குறுகிய உடலும் உச்சக் குரலும் உடைய திமிரி நாயனம். நாம் கேட்பது நீண்ட உடலும் தாழ்ந்த குரலும் உடைய பாரி நாயனம். இம்மாற்றத்தை ஆராயப் புகுவார் எவரும் திருவாவடுதுறை தி. ந. இராசரத்தினம் பிள்ளை (1898–1956) என்னும் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது.

அவரைக் குறித்து இருவகை வழக்குகள் நிலவுகின்றன. நாகசுரத்தை வாயிலினின்றும் வீதியினின்றும் மேடைக்கு உயர்த்தியவர் அவர் என்பது ஒரு வழக்கு. கோயிற்கருவியை அதன் இடத்தினின்று பெயர்த்து, தனக்கெனச் சட்டம் இல்லாத ஒரு தனிமனிதரின் விருப்பத்திற்கு ஆட்படுத்தியவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அவர் இசையைக் காட்டிலும் அவர் இயல்பையே பெரிதும் பேசுகின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் பிரித்து நோக்க முயல்வது.

2. சான்றுகளின் தன்மை

ஒரு கலைஞரின் கொடையை அளவிடச் சான்றுகள் வேண்டும். இராசரத்தினம் பிள்ளையைப் பொறுத்தவரை அவை மூன்று வகைப்படும்: செவிவழிச் செய்திகள், இசைப்பதிவுகள், கருவி.

செவிவழிச் செய்திகள் மிகப் பல. குடுமி நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டமை, செர்வாணி அணிந்து மேடையேறியமை, ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு வாராமை, வந்த பொருளைச் சேர்த்து வையாமை முதலியன பற்றிய கதைகள் தஞ்சை மாவட்ட ஊர்களில் தலைமுறை கடந்தும் வழங்குகின்றன. இவற்றுள் மெய்யும் உண்டு. சொல்வோர் சுவைக்கேற்ப வளர்ந்தனவும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இக்கதைகளைச் சொன்னோரிற் பலர் அவரை அழைத்துப் பொருள் கொடுத்த புரவலர் பக்கத்தினர். ஆகவே அவை புரவலரின் மனநிலைக்கும் சான்றாவனவே.

இசைப்பதிவுகளோ அவர் புகழுக்கு முரணானவை. அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்தது தோடி இராகம். அதனை இரவு முழுதும் மணிக்கணக்கில் விரித்தார் என்பர். ஆனால் அவர் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே கொள்ளும். அளவிறந்து விரித்தலே தனித்திறனாகக் கொண்ட ஒருவரை, விரித்தற்கு இடமே தராத ஒரு கலத்தினின்று நாம் அறிகின்றோம். வானொலிப் பதிவுகள் இக்குறையை ஓரளவு நீக்கினும் முற்றும் நீக்கவில்லை. எனவே இசைத்தட்டினை மட்டும் கேட்டு அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒரு பேராற்றை ஒரு செம்பு நீரால் அளப்போரே ஆவர்.

மூன்றாவதாகிய கருவியே ஐயத்திற்கு இடமற்ற சான்று. அதனை முதற்கண் ஆராய்வோம்.

3. கருவியின் மாற்றம்

நாகசுரம் சீவாளி, கெண்டை, உலவு, அணசு என்னும் உறுப்புகளை உடையது. உலவில் விரல் பதித்து வாசிக்கும் துளைகள் ஏழு. திமிரி நாயனம் திறந்த வெளிக்கென அமைந்தது. தேர் வீதியின் ஒரு முனையில் வாசிப்பது மறுமுனையிற் கேட்டல் வேண்டும் என்னும் தேவையே அதன் உச்சக் குரலுக்குக் காரணம். ஆனால் அதில் சுத்த மத்திமத்தை வேண்டியவாறு நிறுத்துதல் அரிது. வாசிப்போன் தன் மூச்சாலும் உதட்டாலும் அச்சுரத்தை வருந்திப் பெறல் வேண்டும். தோடிக்கோ சுத்த மத்திமம் உயிர்நாடியான சுரங்களுள் ஒன்று.

நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் என். ஜி. என். ரங்கநாத ஆசாரியார் இராசரத்தினம் பிள்ளையின் தேவையை உணர்ந்து அளவுகளைத் திருத்திப் பாரி நாயனத்தை உருவாக்கினார். சுத்த மத்திமம் இயல்பாகப் பேசும் கருவியாக அஃது அமைந்தது. முதிர்ந்த ஆச்சா மரத்தாற் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனவே இராசரத்தினம் பிள்ளையின் பெயரால் நாம் வழங்கும் புதுமையிற் பாதி ஒரு தச்சருக்கு உரியது. வாசித்தோன் பெயர் நிற்க, செய்தோன் பெயர் மறைதல் நம் இசை வரலாற்றில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் குறை.

பாரி நாயனம் பரவியமைக்கு அவர் ஒருவரே காரணர் என்றலும் பொருந்தாது. தாழ்ந்த சுருதி வாய்ப்பாட்டின் சுருதியை நெருங்குவது; அரங்கிற்கும் ஒலிவாங்கிக்கும் ஏற்றது. கேட்குமிடம் வீதியினின்று அரங்கிற்கு மாறியபோது கருவியும் உடன் மாறிற்று. அம்மாற்றத்தை முன்னறிந்து தொடங்கியவர் அவர், முடித்துவைத்தது காலம்.

4. ஆலாபனை: புதுமையா, பழமையா?

அவர் மரபை மீறியவர் என்பார், அவர்தம் நெடிய ஆலாபனையையே சான்றாகக் காட்டுவர். உண்மை இதற்கு மாறானது.

வீதியுலாவில் நாகசுரம் பாட்டின் சொல்லைச் சுமப்பதன்று. புறப்பாட்டிற்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்கப்பெறும். பின்னர், இறைவன் நான்கு வீதிகளையும் வலம் வரும் காலம் முழுதும் இராகமே நிரப்புதல் வேண்டும். இரவின் அமைதி, நின்று நின்று செல்லும் உலா, இடையிடையே தவில் இவற்றின் நடுவே ஓர் இராகத்தைப் பல மணி நேரம் சலியாது வளர்க்கும் ஆற்றல் நாகசுர மரபினர்க்கு வாய்த்தது. ஆகவே இராசரத்தினம் பிள்ளை அரங்கிற்குக் கொண்டுவந்தது புதிய பொருளன்று. வீதியின் காலத்தையே அவர் அரங்கினுள் கொணர்ந்தார். இளமையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பெற்ற வாய்ப்பாட்டுப் பயிற்சி அதற்கு மெருகூட்டிற்று.

அவர் காலத்தே கருவியிசைக்கு வேறு நெறியும் இருந்தது. திருவீழிமிழலைச் சகோதரர் கீர்த்தனைகளைப் பாடம் பிறழாமல் வாசிப்பதிற் புகழ் பெற்றனர். அது சாகித்திய நெறி. இவரது இராக நெறி. இவ்விரண்டனுள் பிற்காலத்து வாய்ப்பாட்டை மிகுதியாகப் பற்றியது இராக நெறியே. ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) பாடிய ஆலாபனையில் நாகசுரத்தின் பிடிகள் புகுந்தமையை இசையறிஞர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். மரபை அழித்தவர் எனப்படும் ஒருவரின் வழியாகவே வீதியின் மரபு சபையினுட் சென்று நிலைபெற்றது என்பது கருதற்பாலது.

1941இல் அண்ணாமலை நகரில் நடந்த தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் பாட்டின் மொழி குறித்தே பெரிதும் வாதிட்டன. அது வேண்டிய வாதமே. ஆயினும் சொல் இல்லாத நாகசுரம் அவ்வாதத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக் கோயில் வீதிகளில் வளர்ந்த இராகப் பெருக்கும் தமிழிசைச் செல்வமே என்று வலியுறுத்தியிருப்பின், இராசரத்தினம் பிள்ளையின் இடம் அன்றே தெளிவுற்றிருக்கும்.

5. செருக்கும் பெருமிதமும்

இனி அவர் இயல்பைக் குறித்த வழக்கிற்கு வருவோம். அவர் இளமையில் நாகசுரக்காரர் செல்வர் முன் நின்றே வாசிக்க வேண்டும். மேலாடையை இடையிற் கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. வாய்ப்பாட்டினரும் வீணையினரும் அமர்ந்திருக்க, இசைவேளாளர் மரபில் வந்த நாகசுரக்காரர் நின்றனர். இந்நிலையில் ஒருவர் மேடை கேட்டார், அமர்ந்து வாசித்தார், தாம் விரும்பிய உடை உடுத்தார். அதனைச் செருக்கு என்றனர்.

தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின்பாற் பிறக்கும் என்பர். புலவனிடத்து நாம் பெருமிதம் எனப் போற்றும் பண்பை நாகசுரக்காரனிடத்துச் செருக்கு எனக் கடிதல் நடுவுநிலை ஆகாது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ திரைப்படத்தில் அவர் நடித்த வேடம் பணிவறியாப் புலவராகிய காளமேகத்தினது என்பதும் ஈண்டு நினையத்தகும்.

இதனால் அவர் செயல் அனைத்தும் சீர்திருத்தமே என்று கொள்ளுதல் கூடாது. வாராமற்போன கச்சேரியால் வருந்தியோர் உண்மையில் வருந்தியவரே. தன்மதிப்பிற்காக வழக்கத்தை மீறுதலும், கடமையை மறத்தலும் ஒன்றல்ல. முன்னதற்காகப் பின்னதை மறைத்தலும், பின்னதைக் காட்டி முன்னதைப் பழித்தலும் ஒப்பத் தவறு.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு இசைஞர் எரிக் சாத்தி (1866–1925), அமெரிக்க ராக் இசைஞர் பிராங்க் சாப்பா (1940–1993) ஆகியோரின் விந்தை நடைகளும் அவர்தம் இசைக்கு முன்னே வந்து நின்று கேட்போர் காதை மறைத்தன. இலக்கியமும் இதற்குத் துணைபோவதுண்டு. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் திரைப்படமானபோது, சினமும் மானமும் மிக்க சிக்கல் சண்முகசுந்தரத்திடம் இராசரத்தினம் பிள்ளையின் சாயலைக் கண்டோர் பலர். நாகசுரக் கலைஞன் என்றாலே சினம் மிக்கவன் என்னும் படிமம் நிலைத்தது. தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்னும் சிறுகதையோ கலைஞனின் நடையை விடுத்து, சொல்லற்ற இசை மேனாட்டவன் ஒருவனுக்கு உணர்த்தும் பொருளை நோக்கியது. ஆய்வாளர்க்கு வழிகாட்டத்தக்கது பின்னதே.

6. இழப்பின் கணக்கு

அவர் நெறியால் நேர்ந்த இழப்பு ஒன்றை மறுத்தல் இயலாது. அவர் ஒத்தினை நீக்கித் தம்புராவை வைத்துக்கொண்டார். சுருதி செம்மையுற்றது. ஆனால் ஒத்து ஊதுதல் வெறும் சுருதிப் பணியன்று. பெரும்பாலும் இளம் மாணாக்கனே ஒத்துப் பிடிப்பான். ஆசானின் தோளருகே இரவெல்லாம் நின்று, மூச்சைப் பழக்கி, இராகத்தின் வழியைக் காதால் உண்டு வளர்வான். அது சம்பளம் குறைந்த பணி; ஆனால் பள்ளிக்கூடம். தம்புராவும் பின்னர்ச் சுருதிப் பெட்டியும் வந்தபோது அம்மாணாக்கனின் இடம் போயிற்று. கருவியை மாற்றியதைக் காட்டிலும் இதுவே பெரிய மாற்றம் என்பது எம் கருத்து. அவரைப் பழிப்போர் கிராப்பையும் செர்வாணியையும் பேசினரேயன்றி இதனைப் பேசினாரல்லர்.

அவருக்குப் பின் வந்தோருள் தலைசிறந்த மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் வழியாக அவர் நாகசுரம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆசானுக்குப் பின் எட்டாண்டுகளே அவர் வாழ்ந்தார். இரத்தி போன்ற நாகசுரத்திற்கே உரிய உருப்படிகள் அருகின. கோயில் மிராசும் மானியமும் தளர்ந்த காலத்தில் அவற்றைக் காப்பதற்கு வீதியில் நேரமும் இல்லை. மேடையில் இடமும் இல்லை.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கருவி மாற்றத்தில் இராசரத்தினம் பிள்ளை புதுமையாளர், அப்புகழிற் பாதி ரங்கநாத ஆசாரியார்க்கு உரியது. இராக நெறியில் அவர் பழமையாளர். வீதியின் செல்வத்தைக் காத்துத் தந்தவர். கலைஞனின் நிலையை உயர்த்துதலில் அவர் போராளி. கற்பிக்கும் நெறியில் மட்டும், தாம் நீக்கியதற்கு ஈடாக ஒன்றை அமைக்காது சென்றவர்.

இவற்றுள் இறுதிக் குறையை ஓரளவேனும் நிறைத்தல் நம் கடன். தில்லை முதல் திருமுட்டம் வரை வெள்ளாற்றங்கரை ஊர்களில் திமிரி நாயனம் வாசித்தோரையும் ஒத்துப் பிடித்துக் கற்றோரையும் கண்டு, அவர்கள் நினைவையும் வாசிப்பையும் முதுகலை மாணாக்கர் பதிவு செய்தல் வேண்டும். எந்த உலாவில், எந்த வீதியில், எந்த நாழிகையில், எந்த இராகம் வாசிக்கப்பெற்றது என்னும் குறிப்பே முதலில் வேண்டுவது. இராசரத்தினம் பிள்ளையைக் குறித்த கதைகள் பாதுகாப்பாக உள்ளன. அவர் எந்த மரபினின்று எழுந்தாரோ அம்மரபின் செய்திகளே நாள்தோறும் அழிகின்றன.