மட்டாஞ்சேரித் துறையும் உல்லாசப் படகும்

கொச்சிக்குச் செல்லும் நம்மவர் மட்டாஞ்சேரியைக் காணாமல் திரும்புவது அரிது. டச்சு அரண்மனை என்று பெயர் வழங்கினும் போர்த்துகீசியர் சுமார் 1555-இல் கட்டிக் கொடுத்த அரண்மனை, 1568-இல் எழுந்த யூதர் ஆலயம், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மாலையில் படகேறிக் காயலைச் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. தமிழர்க்கு இவ்விடத்தோடு வேறோர் உறவும் உண்டு. அருகிலுள்ள வேளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் துணிகளை வெளுப்பதற்காக வரவழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் அத்தொழிலை நடத்தி வருகின்றனர். அரண்மனையைப் பற்றியும் ஆலயத்தைப் பற்றியும் எழுதியோர் பலர். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த மாலைப் படகு. மக்களை உல்லாசத்திற்காக நீர் மீதும் மலை மீதும் அழைத்துச் செல்லும் தொழிலில், ‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்லும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறிற்று, அதைக் கற்பிக்கும் ஏற்பாடு எப்போது வந்தது என்பதை ஒருவாறு ஆராய்வோம்.

கொச்சித் துறைமுகத்தின் வாயை அகலத் திறந்தது 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் என்பது மரபு. ஆயினும் அவ்வாய்க்கு வெளியே ஒரு மணற்றிட்டு நெடுங்காலம் குறுக்கே கிடந்தது. பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாமல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் தோணிகளில் இறங்கி அத்திட்டைத் தாண்டியே கரை சேர வேண்டும். 1920-இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளரின் முயற்சியால் திட்டு வெட்டப்பட்டு, 1928-இல் கப்பல்களுக்கு வழி திறந்தது. அதற்கு முற்பட்ட காலமெல்லாம், அலையின் நிலை கண்டு, தாண்டலாமா கூடாதா என்று நாள்தோறும் தீர்மானித்தவன் தோணிக்காரனே. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் மேற்குக் கரைத் துறைகள் பலவும் ஏறக்குறைய ஓய்ந்து கிடக்கும். கலங்கள் காற்று மாறும் வரை காத்திருக்கும். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. தீர்மானிப்பவனும், தீர்மானம் பிசகினால் மூழ்குபவனும் அன்று ஒருவனாகவே இருந்தான்.

இயந்திரப் படகுகள் வந்தபின் நிலைமை மாறியது. புறப்படும் நேரம் அட்டவணையில் ஏறியது; சீட்டு விற்பவர் கரையில் அமர்ந்தார்; படகைச் செலுத்துபவர் சம்பளக்காரரானார். 1924-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இரவு, கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற ‘ரிடீமர்’ என்னும் படகு பல்லனையாற்றில் கவிழ்ந்து, மலையாளத்தின் பெருங்கவிஞர் குமாரன் ஆசான் உயிர் நீத்தார். திருவனந்தபுரத்து முறைஜபத்திற்குச் சென்று மீண்டவர்களால் அன்று படகு நிரம்பி வழிந்தது. 2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், முகம்மையிலிருந்து குமரகத்திற்குப் புறப்பட்ட பயணப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்ற இளைஞர்கள். இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும், அளவுக்கு மீறிய கூட்டம் என்ற ஒரே குறையே மீண்டும் பேசப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை நோக்க வேண்டும். கடற்றொழிலுக்கு ஆள் பயிற்றும் கல்விக்குக் கொச்சியில் குறைவே இல்லை. மீன்பிடிக் கலங்களைச் செலுத்துவோர்க்கான மத்திய பயிற்சி நிறுவனம் 1963-இல் இங்கு தொடங்கப்பட்டது. பின்னர் அதன் கிளை சென்னையிலும் ஏற்பட்டது. கடற்படையின் பயிற்சித் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. பாய்மரத்தில் மாலுமிகளைப் பழக்கும் ‘தரங்கிணி’ 1997 முதல் இங்கிருந்தே உலகக் கடல்களுக்குப் போய் வருகிறது. மீன் பிடிப்பவர்க்கும் போர் புரிபவர்க்கும் பள்ளி இருக்க, விடுமுறைக்கு வந்த குடும்பத்தைப் படகில் ஏற்றுபவர்க்கு மட்டும் அனுபவமே போதும் என்று நெடுநாள் கருதப்பட்டது. நீர் விளையாட்டுக்கென ஒரு தேசிய நிறுவனம் கோவாவில் தோன்றியது 1990-இல்தான்.

அனுபவம் போதாது என்பதைத் தேக்கடி காட்டியது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, பெரியாற்று ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரட்டைத் தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அவர்களுள் நம் தமிழகத்தாரும் இருந்தனர். அப்படகு பழையதன்று, ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. புயலோ மழையோ அதற்குக் காரணமன்று. கரையில் காட்டு விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டனர் என்பது தப்பியோர் கூற்று. வனவிலங்குகளைக் காட்டுவதற்காகவே ஓடும் படகில், விலங்கைக் கண்டால் மக்கள் எழுந்து பார்ப்பர் என்பதை முன்னரே எண்ணியிருக்க வேண்டாமா? கலத்தின் பாரம் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது நிலைத்து நிற்கும். மேல்தளத்தில் ஆட்கள் ஏற ஏறப் பாரம் உயர்கிறது. அந்நிலையில் சிலர் ஒருபுறம் நகர்ந்தாலும் கலம் சாயும். சாய்ந்தவுடன் நிற்பவரெல்லாம் அப்புறமே சரிவர். சாய்வு மேலும் மிகும். மட்டாஞ்சேரியில் அரிசி மூட்டை ஏற்றிய பழைய வள்ளக்காரர் கனத்த மூட்டையை அடியில் வைத்தார் என்றால், இந்தக் கணக்கை அவர் கை அறிந்திருந்தது. மூட்டை யானையைப் பார்க்க எழுந்து நிற்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

பொழுதுபோக்குப் பயணத்தில் பாதுகாப்பு என்னும் கல்வி உலகில் எங்கே பிறந்தது என்று பார்த்தால், அதுவும் கப்பல் தொழிலிலேயே போய் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் டார்பீடோ தாக்கி மூழ்கிய வணிகக் கப்பல்களிலிருந்து உயிர்ப்படகில் இறங்கிய மாலுமிகளில், வலிமை மிக்க இளைஞர் மடிய, முதியோர் பிழைத்து வந்ததை லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் அதிபர் கவனித்தார். அவரும் கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் கூடி, 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டவியில் இளைஞர்க்கு ஒரு பள்ளி நிறுவினர். இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘அவுட்வர்டு பவுண்டு’ இயக்கத்தின் தொடக்கம் அதுவே. நம் நாட்டில், எவரெஸ்ட் வெற்றியை அடுத்து 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தோன்றியது. ஆனால் இவையெல்லாம் பயணம் செய்பவனுக்குத் தந்த பயிற்சி. அனுப்பி வைப்பவனுக்கு வேண்டிய பயிற்சி வேறு.

அதை உலகம் கற்றது, 1993-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நடந்த துயரத்தினால். சிறுபடகுகளில் துடுப்பிட்டுச் சென்ற பள்ளி மாணவர் நால்வர் குளிர்ந்த கடலில் இறந்தனர். அந்த முகாமில் முன்பு பணிபுரிந்த பயிற்சியாளர் இருவர், பாதுகாப்பு போதாது, திருத்தாவிடில் உயிர் போகும் என்று நிர்வாகிக்குச் சில மாதங்களுக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தனர். கடிதம் இருந்தது, திருத்தம் வரவில்லை. நிர்வாகி சிறை சென்றார். நிறுவனமும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 1995-இல் இத்தகைய முகாம்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. அன்று படகோடு சென்ற இளம் பயிற்சியாளர்களைக் காட்டிலும் அலுவலகத்தில் இருந்தவர் மீதே பழி விழுந்தது. அது நியாயமென்றே நாம் கருதுகிறோம்.

நிர்வாகிகளுக்கு இன்று கற்பிக்கப்படுவதன் உட்பொருளும் இதுவே. காயல் ஆழமாயிருப்பது இயற்கையான ஆபத்து. நீந்தத் தெரியாத குழந்தையை மிதவைச் சட்டையின்றி ஏற்றுவது நாம் தேடிக்கொள்ளும் இடர். முன்னதை மாற்ற முடியாது, பின்னதைக் குறைக்கலாம். நேர்ந்த விபத்தை மட்டுமன்றி, நூலிழையில் தப்பியதையும் குறித்து வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை பேர்க்கு ஒரு வழிகாட்டி, எந்த நேரத்திற்குள் திரும்பாவிடில் யாருக்குச் செய்தி போக வேண்டும், காற்று எந்த அளவு மிகுந்தால் பயணம் நிற்கும் என்பவற்றை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும் என்பர். பணம் கட்டியவர் எதிரே நிற்கையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பணத்தின் பக்கமே சாயுமாதலால், எண்ணை முன்னரே எழுதிவைப்பது மிக அவசியம்.

எழுதிய அனுமதி இருந்தும் அதன் எல்லை மீறப்பட்டால் நேர்வதைக் குரங்கணி உணர்த்தியது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்து மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பலர் இளம் பெண்கள். கோடையில் புல் காய்ந்திருந்த வழி அது. அனுமதி பெற்ற பாதையும் வேறு. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது; மத்திய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நீர்வழிக்கோ கேரளத்தில் 2010 முதலே விதிகள் இருந்தன. ஸ்ராங்கும் லாஸ்கரும் சான்றிதழ் பெற வேண்டும். அவ்விதிகள் இருக்கையிலேயே, 2023 மே 7-இல் தானூரில், மீன்பிடி வள்ளத்தை மாற்றியமைத்த உல்லாசப் படகு ஒன்று, ஏற்றலாகாத எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் சென்று கவிழ்ந்தது. இறந்தோர் 22 பேர்.

மட்டாஞ்சேரிக்கு மிக அருகிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2015 ஆகஸ்டு 26-ஆம் நாள், ஓணத்திற்கு இரண்டு நாள் முன்பு, வைப்பினிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு வந்த பயணப் படகின் மீது மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தனர். துறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றைய பழைய மரப்படகுகளுக்கும் இன்றைய ஏற்பாட்டிற்கும் வேறுபாடு பெரிது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவில், மட்டாஞ்சேரிக்கும் 2025-இல் நிலையம் வந்தது. அதன் பெரிய படகுகளில் 100 பேருக்கு இடம். துறையிலுள்ள சுழல் வாயில் ஆட்களை எண்ணுகிறது. கணக்கு நிறைந்தபின் வருபவர் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். கெஞ்சினாலும் அதட்டினாலும் வாயில் இளகுவதில்லை. காற்றையும் அலையையும் பார்த்துப் படகை நிறுத்தும் வேலை மட்டும் இன்னமும் மனிதரிடமே உள்ளது.

தனியார் உல்லாசப் படகுகளுக்கு இத்தகைய வாயில் கிடையாது. டிசம்பர் விடுமுறையில் பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் நம் தமிழ்ச் சங்கத்தார் ஐம்பது அறுபது பேராகக் கேரளப் பயணம் ஏற்பாடு செய்வதுண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன், படகின் உரிமத்தில் எத்தனை பேர் எனக் குறித்துள்ளது என்றும், புறப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் யார், அவர் அன்று துறையில் இருப்பாரா என்றும் கடிதத்தில் கேட்டு எழுதலாம். குழந்தைகளுக்கேற்ற அளவில் மிதவைச் சட்டை உண்டா என்பதையும் அக்கடிதத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். பெரியோர் சட்டையில் சிறு குழந்தையின் உடல் நழுவிவிடும்.