மார்க்கைப் பார்த்துச் சம்பளம்: ஒரு பழைய கதை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். “பிள்ளைகள் எடுக்கும் மார்க்கைப் பார்த்து வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? தானாக ஒழுங்காகப் பாடம் நடத்துவார்களே?” கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இது புதிய யோசனை அல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்பே விதியாக எழுதி, முப்பது ஆண்டு நடத்திப் பார்த்து, பிறகு கைவிட்ட ஏற்பாடு இது.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அரசு கொடுத்த மானியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. கொடுக்கும் பணத்துக்குப் பலன் என்ன என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ 1862இல் திருத்திய விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு மக்கள் வைத்த பெயர் “பலனுக்கேற்ற பணம்”.

கணக்கு இதுதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒரு பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் ஆண்டுக்கு 4 ஷில்லிங். பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பாடம். ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பரீட்சை வைப்பார். தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால் மூன்று பாடத்துக்கும் சேர்த்து 8 ஷில்லிங். ஆக, ஒரு பிள்ளையின் விலை 12 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பங்கு போச்சு. இந்தப் பரீட்சைக்காகப் பிள்ளைகளை ஆறு “ஸ்டாண்டர்டு”களாகப் பிரித்தார்கள். நாம் “அஞ்சாம் ஸ்டாண்டர்டு” என்று சொல்லி வளர்ந்தோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

அரசு எதிர்பார்த்த சிக்கனம் உடனே கிடைத்தது. 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த மானியம் சில ஆண்டுகளிலேயே சுமார் 6.4 லட்சமாகக் குறைந்தது. படிப்புக்கு என்ன ஆனது? வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடையில்லாமல் “வாசித்த” பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. பணம் தராத வரலாறும் புவியியலும் பின்னுக்குப் போயின. கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். இந்த முறை பாடம் நடத்துவதையே இயந்திர வேலையாக்கிவிட்டது என்று அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே எழுதினார். அரசு ஊழியரே அரசின் திட்டத்தைப் பற்றி இப்படி எழுதினார் என்பதைக் கவனியுங்கள். 1890களில் அந்த முறை ஒருவழியாக முடிவுக்கு வந்தது.

இதற்குள் அது கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவி தரும் வழக்கம் ஏற்பட்டது. “எய்டட் ஸ்கூல்” என்று இன்றும் சொல்கிறோமே, அதன் வேர் அங்கேதான். தொடக்கப் பள்ளிகளுக்குப் பரீட்சைப் பலனைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். திண்ணைப் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. அதுவரை ஊரார் கொடுக்கும் நெல்லையும் காசையும் நம்பியிருந்த திண்ணை வாத்தியாருக்கு முதல்முறையாக அரசுப் பணம் கிடைத்தது. அரசுக் கணக்கில் வரும் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. இந்த நன்மையை மறைக்கக் கூடாது.

ஆனால் ஒரு கிராமத்து வாத்தியாராக உங்களை நினைத்துப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பிள்ளை, வீட்டில் எழுத்தே அறியாத பிள்ளை, பசியோடு வருகிற பிள்ளை. பலனைப் பார்த்துப் பணம் என்றால் இவர்களைச் சேர்ப்பதால் நஷ்டம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டால் லாபம். எந்தப் பிள்ளைக்குப் பள்ளி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையைப் பாரமாக்கிவிடுகிறது இந்தக் கணக்கு.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷனுக்கும் இது தெரிந்திருந்தது. தொடக்கப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் பரீட்சைப் பலனை ஒட்டியே மானியம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அதே மூச்சில், பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்கு விலக்கும் வேண்டும் என்றது. ஏழை ஊருக்குப் பொருந்தாத விதி என்றால் நம் நாட்டில் பாதிக்கு மேல் பொருந்தாது என்றுதானே அர்த்தம்? கடைசியில் 1904இல் கர்சன் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானத்தோடு இந்த முறைக்கு விடை கொடுக்கப்பட்டது.

அந்தக் காலம் வேறு, இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொல்வீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். 2002இல் அங்கே கையெழுத்தான சட்டம் 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைத்தது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலைக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்து, எட்டாத பள்ளிகள் மீது நடவடிக்கை என்றது. அட்லாண்டா நகரில் என்ன நடந்தது? 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேட்டைக் கண்டது. 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் சிக்கினார்கள். பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துவிட்டுச் சரியான விடையைக் குறித்ததும் அதில் அடக்கம். 2015இல் அந்தச் சட்டத்தையே மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் சம்பளத்தை மார்க்கோடு கட்டவில்லை. ஆனாலும் “100 சதவீதத் தேர்ச்சி” பேனருக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளை நம்மில் பலருக்குத் தெரியும்.

அப்படியானால் ஆசிரியரை யாரும் எதுவும் கேட்கக் கூடாதா? கட்டாயம் கேட்க வேண்டும். நேரத்துக்கு வந்தாரா, பாடத்தை முடித்தாரா, பெற்றோரைச் சந்தித்தாரா என்று கேட்க 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் கேள்வி ஒரு பக்கம் மட்டும் போகக் கூடாது. பள்ளிக்குத் தேவையானதைக் கொடுத்தார்களா என்று மேலேயும் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட காலம் நம்மிடம் உண்டு. காமராஜர் ஆட்சியில் பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு போட்டார்கள். பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, ஊராரைக் கூட்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்து அதை முன்னின்று நடத்தினார். பெஞ்சு, கட்டடம், கரும்பலகை என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. தேறாத பள்ளிக்குப் பணத்தைக் குறைக்காமல், குறை உள்ள பள்ளிக்குக் கூடுதலாகக் கொடுத்த காலம் அது.

கல்வி உரிமைச் சட்டமும் இதைத்தான் வேறு விதத்தில் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம் என்று பட்டியலே இருக்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு தரும் நிதிக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. பலருக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் கூடும் குழு என்று நினைத்துவிடுகிறார்கள்.

எனவே ரிசல்ட் வந்ததும் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்று விசாரியுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, ஒரு முறையாவது போய் உட்காருங்கள். உங்களில் அதிகாரிகளாக இருப்பவர்கள், அந்தக் குழு அனுப்பும் தாளைக் கோப்பில் கட்டிவைக்காமல் படித்துப் பாருங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளி நிலைமையைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.