பச்சையப்பர் உயிலும் நிறைவேற்றுநர் பொறுப்பும்: சென்னை நகரின் மரணசொத்து நிர்வாக வரலாற்றில் ஒரு பார்வை

திறவுச்சொற்கள்: உயில், உயில் நிறைவேற்றுநர், புரோபேட், அறக்கொடை, சென்னை உச்ச நீதிமன்றம், பச்சையப்ப முதலியார்

முன்னுரை

பச்சையப்ப முதலியாரின் (1754–1794) பெயர் தமிழ்க் கல்வி வரலாற்றில் கொடையாளர் வரிசையில் வைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. அவர் இறந்த ஆண்டுக்கும், அவர் பெயரால் முதல் பள்ளி தொடங்கிய 1842ஆம் ஆண்டுக்கும் இடையில் 48 ஆண்டுகள் உள்ளன. கல்வி வரலாறு எழுதியோர் இவ்விடைவெளியை 'வழக்குகளால் தாமதம்' என்ற ஒரு தொடரில் கடந்துவிடுகின்றனர். அத்தாமதத்தையே ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது இக்கட்டுரை. உயில் என்னும் ஆவணம் சென்னைக்கு வந்துவிட்டது. அதை நிறைவேற்றுபவரைக் கணக்குக் கேட்கும் அமைப்பு உடன் வரவில்லை என்பதே இதன் கருதுகோள்.

உயிலும் ஊரும்

'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் உருக்கொண்டது. தரும சாத்திரங்கள் தத்தம், பாகம், தாயம் ஆகியவற்றைப் பேசும் அளவுக்கு, இறந்தபின் செயற்படும் ஆவணத்தைப் பேசவில்லை. கம்பெனி வணிகரோடு அன்றாடம் பழகிய துபாஷிகளே இவ்வடிவத்தை முதலில் கையாண்டவர்களுள் அடங்குவர். துபாஷியாகவும் வருவாய்க் குத்தகையிலும் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்பர் 1794 மார்ச் 22ஆம் நாள் உயில் எழுதினார். ஒன்பது நாட்களுக்குப் பின், மார்ச் 31ஆம் நாள், திருவையாற்றில் காலமானார். ஒரு லட்சம் வராகன் சமய அறங்களுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னாளில் நிலைபெற்ற மாற்று விகிதப்படி (ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்) இது மூன்றரை லட்சம் ரூபாய். உயில் குறித்தவை கோயில் வழிபாடும் அன்னதானமும் போன்ற அறங்களே. ஆங்கிலக் கல்வி அதில் இல்லை.

அவர் இறந்த இடம் இவ்வாய்வுக்கு முக்கியமானது. தஞ்சை அப்போது மராத்திய அரசரின் ஆட்சியில் இருந்தது. அதன் நிர்வாகம் கம்பெனியிடம் சென்றது 1799இல்தான். சென்னையில் இருந்த மேயர் நீதிமன்றமோ, 1753ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, இந்தியர்களுக்கிடையிலான வழக்குகளை இருதரப்பும் இசைந்தால் மட்டுமே விசாரிக்க இயலும். செல்வரின் தொழிலும் தொடர்பும் சென்னையோடு பிணைந்திருந்தன. உயிர் பிரிந்தது தஞ்சை நாட்டில். உயிலின் பயன்பெறுவோர் பல ஊர்க் கோயில்களும் அங்கு வரும் ஏழைகளும். இவர்களில் யார், எந்த மன்றில், யாரிடம் கணக்குக் கேட்பது? 1798இல் ரிக்கார்டர் நீதிமன்றமும் 1801இல் உச்ச நீதிமன்றமும் வரும்வரை இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

நிறைவேற்றுநரின் நிலை

ஆங்கிலச் சட்டத்தில் நிறைவேற்றுநர் பதவி மூன்று கடமைகளின்மேல் நிற்கிறது: சொத்துப் பட்டியல் தருதல், கடனை வரிசைப்படி தீர்த்தல், எஞ்சியதை உயிலின்படி ஒப்படைத்துக் கணக்குக் காட்டுதல். இந்து ஒருவரின் உயிலை நிறைவேற்றியவருக்கு இக்கட்டாயங்கள் நீண்டகாலம் சட்டவடிவில் இல்லை. அவருக்கு அப்பதவியாலேயே சொத்துரிமை சேர்வதில்லை. மேலாளர் போன்றே கருதப்பட்டார். உரிமை இல்லாததால் பொறுப்பும் மங்கலாகவே இருந்தது. மாகாணத்தின் உள்நாட்டு நீதிமன்றங்களிலோ குழப்பம் இன்னும் மிகுதி: 1829ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குவிதி, இந்து சட்டத்தோடு பொருந்தும் அளவுக்கு அப்பால் இந்துக்களின் உயில்களுக்குச் செல்லுபடி இல்லை என்றது. ஆக, ஒரே மாகாணத்தில் நகருக்குள் ஒரு நிலை, நகருக்கு வெளியே வேறொரு நிலை.

பச்சையப்பர் உயிலின் அறப்பகுதி இச்சூழலில் ஒரு தலைமுறைக்கும் மேலாக நிறைவேறாமல் கிடந்தது. பொறுப்பேற்றவர்களின் நேர்மையின்மையை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. அது ஒரு பகுதி உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் குடும்பத்தினர் தம் பங்குக்கு வழக்காடலாம், கடன் கொடுத்தவர் தம் தொகைக்கு வழக்காடலாம். அன்னதானத்தில் உண்ண வேண்டியவர் சார்பில் வழக்காட ஒருவரும் இல்லை என்பதே இவ்வழக்கின் அடிப்படைக் குறை.

அக்குறையை நிரப்பியது அட்வகேட் ஜெனரல் பதவி. 1813ஆம் ஆண்டுக் கம்பெனிச் சாசனச் சட்டம், அரசரின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் முறையிடும் அதிகாரத்தை அப்பதவிக்கு அளித்தது. ஹெர்பர்ட் காம்ப்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் அறநிதியை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தனர். உரிமையாளரற்ற உரிமைக்கு அரசே வழக்காளியானது. பொது அறக்கட்டளைகள்மீது வழக்குத் தொடுக்க இன்று பயன்படும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இவ்வழியில் வந்ததே.

மிகுதி யாருடையது?

மீட்கப்பட்ட நிதியில், நிறைவேறாத ஆண்டுகளின் வட்டியும் சேர்ந்திருந்தது. உயில் சொன்ன அறங்களுக்குரியதை ஒதுக்கியபின் எஞ்சிய மிகுதி கல்விக்குத் திருப்பப்பட்டது. இந்துக்களே அடங்கிய அறங்காவலர் குழு அமைந்தது; 1842 ஜனவரியில் கருப்பர் நகரில் பள்ளி தொடங்கியது; 1889இல் அது கல்லூரியானது. ஆகவே, கடமை காலத்தில் நிறைவேறியிருந்தால் இக்கல்வி நிறுவனம் தோன்ற நிதியே இருந்திராது. தவறிய நிர்வாகத்தின் விளைச்சலைக் கொடையாளரின் கல்வி நோக்கமாக வாசிப்பது, வரலாற்று நோக்கில் ஏற்புடையதன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கல்வி என்னும் தேர்வு நார்ட்டனுடையதும், ஆங்கிலக் கல்வியை நாடிய 1840களின் சென்னை மேற்குடியினருடையதும் ஆகும். அத்தேர்வால் பல்லாயிரவர் பயன்பெற்றனர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இறந்தவரின் சொல்லுக்கு நிறைவேற்றுநர் கட்டுப்பட்டவர் எனில், நீதிமன்றம் எவ்வளவு கட்டுப்பட்டது என்ற வினா எஞ்சுகிறது.

பின்வந்த சட்டம்

1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்தின் கீழ்மாகாணங்களுக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. பச்சையப்பர் காலத்து நகர, நாட்டுப்புற வேறுபாடு அதில் தொடர்ந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் 57, 213ஆம் பிரிவுகளாக அது இடம்பெற்றது. இச்சட்டத்தின் 317ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய நிறைவேற்றுநரைப் பணிக்கிறது. ஈமச்செலவு முதலில், புரோபேட் பெறும் செலவு அடுத்து, இறப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் பணியாற்றிய வேலையாட்களின் கூலி அதன்பின், ஏனைய கடன்கள் இறுதியில் என 320 முதல் 323 வரையான பிரிவுகள் வரிசை வகுக்கின்றன. கூலிக்குக் கிடைத்துள்ள இம்முன்னுரிமை ஆய்வாளர் கண்ணில் அதிகம் படாத ஒன்று. சொத்தைத் தவறாகச் செலவழித்தவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 368ஆம் பிரிவு. வந்து சேரவேண்டியதைத் திரட்டாமல் விட்டவருக்கும் அடுத்த பிரிவு அதே பொறுப்பை விதிக்கிறது. 1794இல் ஒரு நிறைவேற்றுநரிடம் இவற்றுள் எதையும் சுட்டிக்காட்டிக் கேட்டிருக்க ஏழை யாத்திரிகர் ஒருவருக்கு வழி இல்லை.