ஒரு தலைப்புக்கு உரை

1993 மார்ச்சில் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் பென்னட், பிராஸார், கிரெப்போ, ஜோசா, பெரெஸ், வூட்டர்ஸ் என்ற ஆறு பேர் ஐந்து பக்கங்களுக்கு மேல் போகாத ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். குவாண்டம் டெலிபோர்ட்டேஷன் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'அறியப்படாத குவாண்டம் நிலை ஒன்றை, மரபுத் தடம், ஐன்ஸ்டைன்–பொடோல்ஸ்கி–ரோசன் தடம் ஆகிய இரண்டின் வழியே தொலைபெயர்த்தல்.' பின்னாளில் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியவற்றுக்கெல்லாம் மறுப்பு இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அதனால் நூற்பாவுக்கு உரை காண்பதுபோல இதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம். அனுப்புபவர் காரைக்கால் பக்கத்து விழிதியூரில் இருக்கட்டும், பெறுபவர் சென்னை ஐஐடியில் இருக்கட்டும்.

'அறியப்படாத' என்றது, அனுப்புபவருக்கே தெரியாத என்றவாறு. விழிதியூர்க்காரர் கையில் ஒரு ஃபோட்டான் இருக்கிறது. அதன் முனைவாக்கம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொலைபேசியில் சொல்லிவிடலாம். சென்னையில் அப்படியே ஒன்றைச் செய்துகொள்வார்கள். சரி, அளந்து பார்த்துச் சொல்லலாமே என்றால், ஒரே ஒரு ஃபோட்டானை அளந்தால் கிடைப்பது 'ஆம்', 'இல்லை' என்ற ஒற்றை விடை. அந்த அளவீட்டிலேயே பழைய நிலை குலைந்துவிடும். படியெடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக அளக்கவும் முடியாது. அறியப்படாத நிலையைப் படியெடுக்க இயலாது என்பதை 1982இல் வூட்டர்ஸும் ஜூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும் நிறுவினார்கள். ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று நிக் ஹெர்பர்ட் முன்வைத்த ஒரு திட்டத்தின் ஓட்டையைத் தேடியபோதுதான் இந்தத் தேற்றம் கிடைத்தது. 2000இல் இந்திய இயற்பியலாளர் அருண் குமார் பதியும் சாமுவேல் பிரவுன்ஸ்டைனும் இதற்கு மறுதலையைக் காட்டினார்கள்: அறியப்படாத நிலையின் இரண்டு படிகள் கையில் இருந்தாலும், ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க முடியாது. ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இடம் பெயர்க்க மட்டுமே முடியும். இந்தச் சொல்லின் முழுக் கனமும் அதில்தான் இருக்கிறது.

'நிலை ஒன்றை' என்றதனால், பொருளை அன்று என்பது பெறப்படும். விழிதியூர் ஃபோட்டான் விழிதியூரிலேயே இருக்கிறது. பருப்பொருளும் அங்கிருந்து சென்னைக்குப் போவதில்லை, ஆற்றலும் போவதில்லை. சென்னையில் முன்பே காத்திருக்கும் வேறொரு துகள் அந்த நிலையை ஏற்கிறது. நம் டெல்டாவில் இதைப் புரியவைக்கத் திருமூலர் வரலாறு போதும். சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனின் உடல் முன்பே அங்கு இருந்தது. சிவயோகியார் ஒருவர் அதில் புகுந்து திருமூலர் ஆனார். விட்டுவந்த தம் உடலைத் தேடியபோது அது அங்கே இல்லை. அதுபோல, விழிதியூர் ஃபோட்டான் அங்கேயே இருந்தாலும் பழைய நிலை அதில் எஞ்சாது. ஆறு பேரில் ஒருவரான ஆஷர் பெரெஸிடம், உடலோடு ஆன்மாவையும் அனுப்ப முடியுமா என்று ஒரு நிருபர் கேட்டாராம். ஆன்மாவை மட்டும்தான் என்றாராம் பெரெஸ். மனிதரை இப்படி அனுப்பலாமா என்று கேட்பவர்கள், அவர் உடலின் அத்தனை துகளுக்கும் இணையான துகள்கள் மறுமுனையில் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதை நினைக்க வேண்டும்.

'இரண்டின் வழியே'. தலைப்பின் உயிர் இந்தச் சொல்லில் இருக்கிறது. செய்திகளில் முதலில் விடுபடுவதும் இதுதான். ஒரு தடம், அதாவது ஐன்ஸ்டைன்–பொடோல்ஸ்கி–ரோசன் தடம், பின்னிப்பிணைந்த ஃபோட்டான் இணை: இரண்டும் சேர்ந்தே ஒரு நிலையைக் கொண்டவை. அதில் ஒன்று விழிதியூருக்கும் மற்றொன்று சென்னைக்கும் முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவை வருவது சாதாரண வழியில், ஒளியின் வேகத்துக்கு உட்பட்டுத்தான். விழிதியூர்க்காரர் தம்மிடமுள்ள இரண்டு ஃபோட்டான்களையும் சேர்த்து அளக்கிறார். நான்கு விடைகளில் ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கால் பங்கு. அந்த விடைக்கும் அனுப்பவேண்டிய நிலைக்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் அந்த நிலை குலையாமல் தப்புகிறது.

அந்த நொடியில் சென்னைத் துகளில் ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் சென்னைக்காரரால் அதை அறியவே முடியாது. அவர் எப்படி அளந்தாலும் வெறும் குலுக்கல் முடிவே கிடைக்கும். விழிதியூரிலிருந்து இரண்டு பிட் செய்தி வந்த பிறகுதான் தம் துகளை எப்படித் திருப்ப வேண்டும் என்று தெரியும். திருப்பியதும் நிலை அங்கே இருக்கும். அந்த இரண்டு பிட் போகும் சாதாரண வழிதான் தலைப்பில் உள்ள மரபுத் தடம். அதுவும் ஒளியை முந்தாது. விழிதியூரிலிருந்து சென்னை வரை 300 கிலோமீட்டர் கண்ணாடி இழை என்று கொண்டால், செய்தி வர ஏறத்தாழ ஒன்றரை மில்லிநொடி ஆகும். ஆக, டெலிபோர்ட்டேஷன் ஒளியை மீறுகிறது என்று எழுதுபவர்கள் தலைப்பின் பாதியைப் படிக்கவில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு முனைவாக்க நிலையை முழுதாக எழுத இரண்டு கோணங்கள் வேண்டும். அவற்றின் தசமங்களுக்கு முடிவில்லை. அது இரண்டே பிட்டில் வந்து சேர்வதால் எல்லையற்ற தகவல் கிடைத்துவிட்டது என்று மயங்கக் கூடாது. பெற்றவர் அதை அளந்து எடுக்கக்கூடியது ஒரு பிட்டுக்கு மேல் இல்லை. இது 1973இல் ஹோலெவோ நிறுவிய வரம்பு.

'தொலைபெயர்த்தல்'. 1997இல் இன்ஸ்ப்ரூக்கில் ஸைலிங்கர் குழு ஃபோட்டானில் செய்துகாட்டியது. 2004இல் அயனிகளில் நடந்தது. 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளுக்குத் திபெத்திலிருந்து 1,400 கிலோமீட்டர் வரை நடந்தது. பின்னிப்பிணைவே இல்லாமல் அளந்து, ஊகித்து, மறுமுனையில் ஒன்றைச் செய்தாலும் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போகும். மிசியஸில் கிடைத்தது 0.80. வென்ற இடைவெளி அவ்வளவுதான், ஆனால் உண்மையான வெற்றி.

விழிதியூரிலிருந்து சென்னைக்கு இழை வழியே ஃபோட்டானை நேராக அனுப்பினால், கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பில், பத்து லட்சத்தில் ஒன்றுதான் போய்ச் சேரும். படியெடுக்க முடியாததால் வழியில் பெருக்கி வைக்கவும் வழியில்லை. தொலைவைத் துண்டுகளாக்கி, பின்னிப்பிணைவையே தொலைபெயர்த்துத் தாண்டும் மறுபரப்பிகள்தான் இதற்குத் தீர்வு. மனிதரை அனுப்பும் கனவைவிட இந்தப் பயன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில்தான் அமைந்திருக்கிறது.

இனி 'டெலிபோர்ட் செய்தார்கள்' என்ற செய்தியைக் கண்டால், எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பார்க்காதீர்கள். மூன்றில் இரண்டைத் தாண்டினார்களா, அந்த இரண்டு பிட் செய்தி எந்த வழியில் போனது என்று தேடிப் பாருங்கள்.