இரவிலே வரும் நோவு

மோட்டார் வாகனங்களின் நசுங்கிய உடலைத் திருத்தும் பட்டறையிலே மூன்று பொருள்கள் சந்திக்கின்றன. ஒன்று, கண்ணைப் பறிக்கும் மின்வில். மற்றொன்று, சிலிண்டருள் அடைபட்டிருக்கும் அசற்றிலீன் வாயு. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது, எப்பொழுதும் இருப்பதுமன்று, இருக்க நேர்ந்தால் உயிரைக் குடிக்க வல்லது. பொஸ்ஜீன் என்பது அதன் பெயர். இம்மூன்றின் வரலாற்றிலும் ஒரே குடும்பத்தின் பெயர் வருகின்றது என்பது விஞ்ஞான வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஹம்பிரி டேவி 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, இலண்டனில், பெரியதொரு மின்கல அடுக்கைக் கொண்டு கரித்துண்டுகளுக்கிடையே ஒளிவில்லைப் பிறப்பித்துக் காட்டினார். (1802ஆம் ஆண்டிலேயே உருசியரான வசீலி பெத்ரோவ் அதனைக் கண்டிருந்தார், ஆங்கில வழி வந்த எமது பாடநூல்கள் அவரை நினைப்பது அரிது.) ஹம்பிரியின் ஒன்றுவிட்ட சகோதரரான எட்மண்ட் டேவி 1836இல் அசற்றிலீனைக் கண்டறிந்தார். தம்பியான ஜோன் டேவியோ 1812இல் காபனோரொட்சைட்டையும் குளோரீனையும் கலந்து சூரிய ஒளியில் வைத்து ஒரு புதிய வாயுவைப் பெற்றார். ஒளியிற் பிறந்தது என்னும் பொருள்பட, கிரேக்க மொழியின் துணைகொண்டு, அதற்குப் பொஸ்ஜீன் எனப் பெயரிட்டார். இந்த ஜோன் டேவி எமக்கு அந்நியரல்லர். 1816 முதல் 1820 வரை இராணுவ மருத்துவராக இலங்கையிற் பணிபுரிந்து, 1821இல் இந்நாட்டின் உட்பகுதியைப் பற்றி நூலொன்று வெளியிட்டவர் அவரே. கண்டி இராச்சியத்தின் வரலாற்றைக் கற்போர் அந்நூலை அறிவர். அதன் ஆசிரியர் கண்ட நச்சுவாயுவை அறிந்தவர் சிலரே.

ஆய்வுகூடத்து வியப்புகள் தொழிலாக மாறுவதற்கு நெடுங்காலம் சென்றது. உருசியப் பேரரசின் நிக்கொலாய் பெனார்தொஸ் 1880களிலே கரிக்கோலின் மின்வில்லால் உலோகத்தை உருக்கியொட்டினார். 1888இல் நிக்கொலாய் ஸ்லாவ்யானொவ் கரிக்குப் பதிலாக உலோகக் கோலையே உருக்கி ஒட்டும் முறையைக் கண்டார். 1895இல் பிரெஞ்சுக்காரரான லெ சத்தலியே, அசற்றிலீனை ஒட்சிசனுடன் சேர்த்து எரித்தால் 3000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சுவாலை பிறக்கும் எனக் காட்டினார். 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எட்வேர்ட் பட் என்பவரின் தொழிற்சாலை டொட்ஜ் கார்களுக்கு முழுவதும் உருக்காலான உடல்களை ஆக்கத் தொடங்கியது. மரச்சட்டகம் மறைய மறைய, தச்சனுக்குரிய இடத்திலே உருக்கியொட்டுபவன் வந்து நின்றான்.

கண்டுபிடித்தவர்களின் வரலாறு இவ்வளவே. கண்டுபிடிப்பைக் கையிலேந்தியவனின் வரலாறு வேறொரு திசையிலே செல்கின்றது.

1858இல் பாரிஸ் மருத்துவரான சார்க்கோ, மின்வில்லைக் கொண்டு பரிசோதனை செய்த இருவரின் தோல் வெந்து சிவந்ததையும் கண்கள் நொந்ததையும் எழுதிவைத்தார். பெனார்தொஸ் உருக்கை ஒட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய செய்தி இது. மின்வில்லின் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுடுகின்றது. ஆனால், சுட்ட கணத்தில் அது தெரிவதில்லை. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழிந்து, வேலை முடிந்து வீடு சேர்ந்து உறங்கும் வேளையிலே, கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல நோவு எழும்புகின்றது.

நாகத்தின் கதையும் அத்தகையதே. துருவைத் தடுக்க உருக்குத் தகட்டின்மேல் நாகம் பூசுவர். 1985இல் ஓடி நிறுவனம் தனது 100 என்னும் காரின் உடல் முழுவதையும் நாகம் பூசிய தகட்டினால் ஆக்கியது. இன்று அது பொதுவழக்காகிவிட்டது. நாகம் 907 பாகையிலே கொதிக்கும். உருக்கு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். ஆகவே தகடு உருகுவதற்கு முன்பே நாகம் ஆவியாகி, காற்றிற் பட்டு, பஞ்சுபோன்ற வெண்புகையாய் எழுகின்றது. பகலில் அதனைச் சுவாசித்தவனுக்கு மாலையில் வாயில் உலோகச் சுவை, தாகம். இரவில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல் முறிவு. விடிந்து ஒருநாள் செல்வதற்குள் பெரும்பாலும் எல்லாம் ஓய்ந்துவிடும். மறுநாளும் அதே புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் அவ்வளவாக வருவதில்லை, உடல் பழகிவிடுகின்றது. ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் நீங்க, திங்களன்று நோய் மீண்டும் முழு வேகத்துடன் வரும். ஆங்கிலத் தொழிலாளர் இதனைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றனர். ஓய்வெடுத்ததற்குத் தண்டனைபோல வருகின்ற நோய் இது.

இது நேற்று அறியப்பட்டதன்று. லீட்ஸ் நகர மருத்துவரான சார்ள்ஸ் தக்ரா 1831இல் பித்தளை வார்ப்போரிடையே இதனைக் கண்டு எழுதினார். 1862இல் கிறீன்ஹோ என்பவர் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாறிருந்தும், பல நாடுகளின் பட்டறைகளில் இன்றுவரை கூறப்படும் மருந்து ஒரு குவளை பால். புகை செல்வது நுரையீரலுக்கு. பால் செல்வதோ இரைப்பைக்கு. பால் இந்நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் பால் மலிவு. புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் குழாயும் மலிவல்ல. மூடநம்பிக்கை எனத் தொழிலாளியை ஏளனஞ் செய்யுமுன் இந்த விலை வித்தியாசத்தையும் கணக்கிடல் வேண்டும்.

இனி ஜோன் டேவியின் வாயு. ஒட்டுமுன் தகட்டின் கிறீசைப் போக்கத் துப்புரவுத் திரவங்களைத் தெளிப்பதுண்டு. பிறேக்கைத் துப்புரவாக்கும் திரவங்களுட் சில குளோரீன் சேர்ந்தவை. அவற்றின் எச்சமும் ஆவியும் மின்வில்லின் வெப்பத்திலும் கதிரிலும் சிதைந்து பொஸ்ஜீனைத் தரக்கூடும். டேவி சூரியனைக் கொண்டு செய்ததைப் பட்டறையிலே மின்வில் செய்துவிடுகின்றது. 1915இல் போர்க்களத்திலே படைவீரர்மீது ஏவப்பட்ட வாயு இதுவே. இதன் கொடுமையும் தாமதத்தில் இருக்கின்றது: முதலிற் சிறிது இருமல், பின்னர் குணமானது போன்ற தோற்றம், பல மணி நேரத்தின் பின் நுரையீரலில் நீர் கோத்தல்.

கண்நோவு, காய்ச்சல், நுரையீரல் நீர் ஆகிய மூன்றும் பட்டறையின் கதவடைத்த பின்னரே வருபவை என்பதை வாசகர் கவனித்திருப்பர். விரல் நசுங்கினால் முதலாளியின் கண்முன் நசுங்குகின்றது, அது விபத்து. நள்ளிரவில் வரும் நடுக்கத்தைக் காண்பவள் மனைவி. அது வீட்டுச் செய்தி. 'மழையில் நனைந்திருப்பான்' என்பதோடு முடிந்துவிடும். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் நெடுங்காலமாக உள்ளன. ஆயினும் நட்டஈடு கோருபவன் தன் நோய் தொழிலால் வந்ததெனக் காட்டவேண்டும். விடியுமுன் மறையும் காய்ச்சலுக்குச் சான்று யாது?

ஆபத்துத் தற்காலிகமானதுமன்று. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் குழு உருக்கியொட்டும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதெனத் தீர்மானித்தது. பிரித்தானியாவின் பாதுகாப்பு நிறைவேற்றகம் 2019இல், சாதாரண உருக்கை ஒட்டும்போதும் பொதுவான காற்றோட்டம் போதாது, புகை எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சுதல் வேண்டும் என அறிவித்தது. வெளியிடத்தில் செய்யும் வேலைக்குக்கூடத் தக்க சுவாசக் கவசம் வேண்டுமென்றது. மரநிழலில் செய்கிறோம், காற்று வருகிறது என்னும் எம்மவரின் சமாதானம் அத்துடன் போயிற்று.

செய்யக்கூடியவற்றுட் பல எளியவை. ஒட்டுமிடத்தின் இருபுறமும் பூச்சையும் நாகத்தையும் சுரண்டி நீக்குதல்; அந்தத் தூளைச் சுவாசியாதிருத்தல்; குளோரீன் சேர்ந்த திரவத்தை ஒட்டுவேலையின் அருகே கொண்டுவராதிருத்தல்; புகைத்தூணுக்குள் தலையை வையாதிருத்தல். வெறுமையான பெற்றோல் தாங்கி நிறைந்த தாங்கியிலும் கொடியது. உள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே அதனை எவ்வாற்றானும் பட்டறையில் ஒட்டலாகாது.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நாடு தன்னிடமிருந்த பழைய வாகனங்களையே ஒட்டி ஒட்டி ஓட்டியது. அவ்வாறு ஒட்டிய கைகள் பெரும்பாலும் சிறு கராஜுகளில் உள்ளவை. முகமூடி ஒன்றே உள்ள கராஜில் அது ஒட்டுபவனின் முகத்தில் இருக்கும். எதிர்ப்புறத்தில் தகட்டைப் பிடித்து நிற்கும் பையன் கண்ணை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொள்வான்.